அவருக்கு அப்பறந்தான் நானு

வேண்டாமுங்க அம்மிணி, பழம் வேண்டாம். தப்பா நெனச்சுக்காதீங்க. வெளியாளு குடுத்தா நான் எதையும் வாயில வெக்கறதில்ல. தோலோட இருக்கற வாழப்பழத்துல என்னத்தக் கலக்க முடியும்னு நெனப்பீங்க. இந்தக் காலத்துல ஊசி போட்டுக்கூட ஏத்தறாங்களாமா. நீங்க சாப்புடுங்க.

ஒண்ணு கேக்கட்டுங்களா? பஸ்ஸு பாதிக்கு மேல காலியாக் கெடக்குது. சன்னலோரமே நாலு சீட்டு இருக்குது. அத்தனையும் உட்டுப்போட்டு எம்பக்கத்துல வந்து உக்காந்தீங்களே, ஏனுங்க? இல்ல, சும்மா கேட்டேன். தாராபுரத்துல நான் ஏறும்போதே பாத்தேன். டீக்கடை ஓரம் நின்னு என்னையே பாத்துட்டு இருந்தீங்க. நான் ஏறுனதுக்கு அப்பறம் ஏறுனீங்க. மொதல்ல மப்டி போலீஸோன்னு நெனச்சேன். அப்பறம் செருப்பப் பாத்தேன், ஒரு வாரு அந்துபோயி ஊக்கு குத்தியிருக்குது. போலீஸ்காரம்மா இப்பிடி வர மாட்டாங்க. வக்கீல் ஆபீஸ் ஆளா இருக்கலாம். அந்தம்மாளோட வக்கீலு ஏற்கெனவே ஒருக்கா ஆளனுப்பி என் வாயக் கிளறிப் பாத்தாச்சு. நீங்க அந்த ஆளா இருந்தா இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க.

இல்லீங்களா? செரி, உக்காருங்க. திருப்பூரு போற வரைக்கும் எனக்கும் வாய மூடிட்டு வர முடியாது. நேத்துலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல.

எம்பேரு துளசிமணிங்க. பேப்பர்ல வந்துச்சே, தீர்த்தத்துல விஷம் வெச்சு அஞ்சு பொம்பளைகளக் கொன்னு நகையை எடுத்துக்கிட்டான்னு ஒருத்தி, மரகதம். அந்தக் கேசுல நான் சாட்சி. அஞ்சு பேரும் செத்தாச்சு. அவ கையால தீர்த்தம் வாங்கி இன்னைக்கு வரைக்கும் உசுரோட இருக்கறது நான் ஒருத்திதான். இன்னைக்கு எம்பட முறை. கூண்டுல ஏறி, இவதான் குடுத்தான்னு கைய நீட்டிச் சொல்லோணுமாமா.

நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க, ராட்சசி, பேயி, பிசாசுன்னு. எழுதறவனுக்கு என்ன. எனக்கு அவ மரகதக்கா. மூணு வருசமா எங்கிட்ட ஒருத்தி ஒக்காந்து பேசுனான்னா அது அவ ஒருத்திதான். மத்ததெல்லாம் வாயத் தொறந்தாலே எனக்கு ஆவாது. எங்க நங்கை சின்னம்மணி, அதாவது எங்க ஊட்டுக்காரரோட அக்கா, அடுத்த வளவுலயே இருக்கறா. அவ என்னப் பாத்துச் சிரிச்சான்னா அன்னைக்கு எனக்கு ஒரு பொருளு காணாமப் போவும். பால்காரன் தண்ணி ஊத்தறான். ரேசன் கடைக்காரன் தராசுல காந்தம் வெச்சிருக்கறான். நான் கண்ணுல வெளக்கெண்ணெய உட்டுட்டுத்தான் குடும்பம் நடத்துனேன்.

அப்பேர்ப்பட்டவளை ஒருத்தி ஏமாத்திப்போட்டான்னா நம்புவீங்களா? நானே இன்னும் நம்பல.

எனக்கு ஒரே புள்ளைங்க, கோகிலவாணி. காலேசு முடிச்ச வருசமே கூடப் படிச்ச பையனோட ஓசூருக்குப் போயிட்டா. வேற சாதி. எங்க ஊட்டுக்காரரு, இனி எனக்குப் புள்ளையே இல்லைன்னு சொல்லிப்போட்டாரு. அவ நம்பர மாத்திட்டா. ஆறு வருசம், போன் இல்ல, ஒண்ணுமில்ல. குழந்தை பொறந்ததுகூட ஊரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெள்ளிக்கெழமையானா ஆத்தோரம் இருக்கற கோயலுக்குப் போயி, பின்னால வேப்பமரத்தடியில ஒக்காந்து அழுதுட்டு வருவேன். ஊட்டுல அழுதா நங்கைக்குத் தெரிஞ்சுருமே, அவளுக்கு அந்தச் சந்தோசத்த எதுக்குக் குடுக்கோணும்.

அங்கதான் மரகதக்கா வந்துச்சு. வெள்ளச் சேலை, நெத்தி நெறயத் துண்ணூறு. பக்கத்துல ஒக்காந்து, "புள்ளைக்காகத்தான அம்மிணி அழுகற?"ன்னு கேட்டுச்சு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. ஒரு வார்த்தை நான் சொல்லல பாருங்க. இன்ஸ்பெக்டரு அதுக்கும் சிரிச்சாரு. கோயல்ல தனியா ஒக்காந்து மூக்கச் சிந்தற அம்பது வயசுப் பொம்பளைக்கு வேற என்ன கவலைம்மா இருக்கும், ஒண்ணு புள்ள, இல்லாட்டி புருஷன், எதைச் சொன்னாலும் பாதிக்குப் பாதி பலிக்கும்னாரு. அவருக்கு என்ன தெரியும்.

அக்கா கதையும் கொஞ்ச நஞ்சமில்ல. சின்ன வயசுலயே புருஷன் உட்டுப்போட்டுப் போயிட்டானாம். கல்யாண ஊடுகள்ல பொண்ணு ஜோடிக்கற வேலை. சடை பின்னி, பூ வெச்சு, நகை பூட்டி உடறது. எத்தனை பொண்ணுகளுக்குப் பூட்டிருக்கும். ஒரு நகையைப் பாத்தாலே எத்தனை பவுனு, எந்த ஊரு வேலைன்னு சொல்லிப்போடும். எங்கழுத்தப் பாத்துட்டு, "இந்த ஆரம் உங்கம்மா போட்டதா?"ன்னு கேட்டுச்சு. செரியாச் சொல்லிருச்சுங்க. அதுவும் அருள்னுதான் நான் நெனச்சேன்.

மூணு வருசம் பழகுனதுக்கு அப்பறந்தான் புள்ள திரும்பி வர ஒரு வழி சொல்லுச்சு, நாப்பத்தெட்டு நாளு விரதம். ஒரு நேரம் சாப்பாடு. ஆருகிட்டயும் மூச்சு உடக் கூடாது, ரெண்டாவது காதுக்குப் போனா பலன் போயிரும். கடைசி நாளு, புள்ள கல்யாணத்துக்கு நிக்கறாப்புல எல்லா நகையும் போட்டுட்டு, பட்டுச்சேலை கட்டி, கோயல் மண்டபத்து உள் அறைக்கு வரோணும். தீர்த்தம் குடுக்கும், குடிக்கோணும். குடிச்சு மூணு நாளைக்குள்ள புள்ள வந்து வாசல்ல நிக்கும். புள்ள கல்யாணத்த நான் கண்ணால பாக்கல பாருங்க, எல்லா நகையும் போட்டுட்டு நிக்கோணும்னு அக்கா சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு.

சின்னச் சந்தேகங்கூட வரலியான்னு போலீஸ்ல கேட்டாங்க. எதுக்கு வரோணும்? பணம் கேட்டாத்தான சந்தேகம் வரும். அது ஒரு டீத்தண்ணிகூட எங்கிட்ட வாங்கிக் குடிச்சதில்ல.

அந்த அஞ்சு பேருங்களா? அது அப்பறமாத் தெரிஞ்ச கதைங்க. எல்லாரும் எம்மாதிரிதான். ஒருத்திக்குப் புள்ளையில்ல. ஒருத்தி புருஷனுக்குக் குடி. ஒருத்தி உடுமலைக்காரி, சரோசினின்னு பேரு, அவளும் எதோ குடும்ப வெசனம். ஆருகிட்டயும் சொல்லாமத்தான் போனாங்க. எல்லாரு பொணத்தையும் ஆத்துலதான் எடுத்தாங்க. பொம்பள மனசு ஒடஞ்சு ஆத்துல உழுந்துட்டான்னு ஊரே சொல்லிருச்சு. நகை எங்கேன்னு கேட்டா, ஆத்துல போயிருக்கும்னாங்க. ஆறு வருசத்துல அஞ்சு பேரு. ஒரு குடும்பமாவது சந்தேகப்பட்டுச்சா பாருங்க. எங்குடும்பமா இருந்தா நான் உட்டிருப்பேனா?

ஏனுங்க, மொகம் ஒரு மாதிரி ஆகுது? பஸ்ஸு ஒத்துக்கலையா? சன்னல் பக்கம் வாரீங்களா? வேண்டாமா, செரி.

நாப்பத்தெட்டாம் நாளு. பொழுது உச்சி. போனேன். அக்கா ஒரு சின்ன பாட்டல்ல தீர்த்தம் வெச்சிருந்துச்சு. "குடி அம்மிணி"ன்னுச்சு. அங்கதான் நான் ஒண்ணு சொன்னேன். "அக்கா, எங்க ஊட்டுக்காரருக்குக் குடுக்காம நான் எதையும் குடிக்கறதில்ல."

அது எம்பட வழக்கமுங்க. கல்யாணமாயி வந்த புதுசுல நங்கை வெச்ச ரசத்தக் குடிச்சு எனக்கு மூணு நாளு வவுத்தால போச்சு. அன்னைக்குப் புடிச்ச வழக்கம். அவரு உண்டு முடிச்சு, கை கழுவி, வெத்தல போட்டு, சித்த நேரம் கட்டல்ல சாஞ்சு எந்திரிப்பாரு. நல்லா இருக்காருன்னு பாத்துப்போட்டுத்தான் நான் வட்டலு எடுத்து வெப்பேன். விசேச ஊட்டுச் சாப்பாடோ, கோயல் பிரசாதமோ, நங்கை ஊட்டுப் பலகாரமோ, எதுன்னாலும் மொதல்ல அவருக்கு. ஊரே சொல்லும், துளசிமணி மாதிரி பொண்டாட்டி அமைய நாச்சிமுத்து குடுத்து வெச்சிருக்கோணும்னு. புருஷனுக்கு முன்னால ஒரு வா உண்டதில்லைங்க நானு. இருவத்தொம்பது வருசம்.

அக்கா ஒத்துக்கல. "தீர்த்தத்த ஊட்டுக்குக் கொண்டு போகக்கூடாது, இங்கயே குடிச்சுப்போடு"ன்னு கையப் புடிச்சுச்சு. அந்நேரம் பாத்து ஒரு கூட்டம் காது குத்தறதுக்கு மண்டபத்துக்குள்ள வந்துருச்சு. ஒரே சத்தம், கொழந்தைக அழுகை. ஒருத்தி இந்த அறைக்கே வந்து, தொட்டல் கட்ட எடமிருக்குதான்னு எட்டிப் பாத்தா. அக்கா, "செரி, இன்னைக்கு நேரம் செரியில்ல, அதக் கீழ ஊத்திரு, இன்னொரு நாளைக்குத் தர்றேன்"னு சொல்லிப்போட்டு வெளிய போயிருச்சு. நான் ஊத்தல. முந்தானைக்குள்ள வெச்சுட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். நாப்பத்தெட்டு நாளு பட்டினி கெடந்தது கீழ ஊத்தறதுக்கா?

கொண்டுவந்து சாமி ரூம்ல வெச்சேன். நான் சேலை மாத்தற நேரத்துல அவரே எடுத்துக் குடிச்சுப்போட்டாரு. அவ்வளவுதானுங்க. போலீஸ்லயும் அதத்தான் எழுதிக் குடுத்திருக்கறேன். எம்பட புள்ளகிட்டயும் அதத்தான் சொன்னேன்.

அவரு போன அன்னைக்கே எங்க நங்கைக்கு மூக்குல வேர்த்துருச்சு. தம்பி சாவுல சந்தேகம்னு எழுதிக் குடுத்துட்டா. ஆருமேல சந்தேகம்? எம்மேல. என்னை நாலு மணி நேரம் ஸ்டேசன்ல ஒக்கார வெச்சாங்க. கட்டுன புருஷனைக் கொன்னவளாட்டம். அந்த வலி எனக்கு இன்னும் ஆறல. பாட்டல்ல மிச்சம் இருந்தத எடுத்துட்டுப் போயிப் பாத்தாங்க. அதுல புடிச்சுத்தான் மரகதக்கா ஊட்டுக்குப் போனாங்க. அரிசி டின்னுக்குள்ள நகையாம். உடுமலைக்காரியோட வளையலுகூட இருந்துச்சாம். நங்கை என்னடான்னா, நாந்தான் கண்டுபுடிச்சேன்னு இப்ப ஊரெல்லாம் பீத்திக்கறா. சந்தேகப் புத்தி புடிச்ச பொம்பள.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அவரு செத்து மூணாம் நாளு, ஆஸ்பத்திரில இருந்து பொணத்தக் கொண்டாந்து எறக்கறாங்க, எம்பட புள்ள வாசல்ல வந்து நிக்கறா. இடுப்புல குழந்தை. "அம்மா"ன்னா. அக்கா சொன்ன மூணாம் நாளு. அதுக்கு என்ன சொல்றீங்க? அப்பன் செத்தா புள்ள வரத்தான செய்யும்னு இன்ஸ்பெக்டரு சொல்றாரு. வரத்தான் செய்யும். இருந்தாலும் மூணாம் நாளு வந்தாளே.

இப்ப வாரத்துல ரெண்டு நாளு போன் பண்றா. தைப் பொங்கலுக்கு வந்து நாலு நாளு இருந்தா. பேரன் எங்கழுத்தக் கட்டிட்டுத்தான் தூங்குனான். அவ சொல்லிப்போட்டா, "நீங்க கோர்ட்டுல உள்ளது உள்ளபடி சொல்லோணும். அப்பாவக் கொன்னவளைத் தப்பிக்க உட்டீங்கன்னா நான் இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேனுங்கம்மா." அவ அப்பன் மாதிரியே. சொன்னாச் செய்யறவ.

சொல்லிப்போட வேண்டியதுதானன்னு நீங்க பாக்கறீங்க. அந்தம்மாளோட வக்கீலு ஆளனுப்புனான்னு சொன்னனில்ல, அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? "நீங்க மரகதம்மா தீர்த்தம் குடுத்துச்சுன்னு சொன்னா, அத உங்க ஊட்டுக்காரருக்குக் குடுத்தது ஆருன்னு நாங்க கேப்போம். அது மரகதம்மாவுக்குத் தெரியும்னு சொல்லச் சொன்னாங்க." அவ்வளவுதான் சொன்னான்.

எங்க வந்திருக்கறம்? அவிநாசிபாளையமா. இன்னும் அரை மணி நேரம் ஆவும்.

உங்களப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே. எந்த ஊருங்க? என்னது? சத்தமாச் சொல்லுங்க.

உடுமலையா.

சரோசினி... உங்கம்மாவா?

நான் அப்பவே நெனச்சேன். தற்செயலா வந்து உக்கார்ற ஆளு இல்லைன்னு நெனச்சேன். நீங்களும் கோர்ட்டுக்குத்தான் வாரீங்களா? என்ன சொல்றேன்னு பாக்க வந்தீங்களா? அழுகாதீங்க அம்மிணி. பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க. நான் எதோ வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டேன், ஒரு குடும்பமாவது சந்தேகப்பட்டுச்சான்னு. மனசுல வெச்சுக்காதீங்க.

என்னங்க சண்டை? சேலை எடுத்ததுல சண்டையா? அதுக்காக அம்மாகூட ஒரு வாரம் பேசாம இருந்தீங்களா? அந்த வாரத்துலதான் ஆத்துல எடுத்தாங்களா? அட சாமி. நீங்க பேசாததுனாலதான் உழுந்துட்டாங்கன்னு நாலு வருசமா... சொந்த அப்பாவே அப்பிடிச் சொன்னாராக்கும். இல்லீங்க. நல்லாக் கேளுங்க. உங்கம்மா உழுகல. உங்ககூட மறுபடி பேசோணும்னுதான் தீர்த்தம் குடிக்கப் போயிருப்பாங்க. எனக்குத் தெரியும். நான் அதே மாதிரி போனவ.

அத நான் கூண்டுல ஏறிச் சொன்னாத்தான் உங்க அப்பா நம்புவாருங்களா? ம்.

முன்னால ஒண்ணு சொன்னேன் பாருங்க, அவரே எடுத்துக் குடிச்சாருன்னு. அது பொய்யிங்க. நாந்தான் டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன். "என்னடி இது?"ன்னாரு. "கோயல் தீர்த்தம், குடிங்க"ன்னேன். கசக்குதுன்னாரு. தீர்த்தம்னா கசக்கத்தான் செய்யும், முழுங்குங்கன்னேன்.

இன்னொண்ணும் இருக்குது. மண்டபத்துல நான் அவருக்குக் குடுக்கோணும்னு சொன்னப்ப அக்கா மொகம் மாறுச்சு. நான் பாத்தேன். என்னமோ செரியில்லைன்னு எனக்குப் பட்டுது. பட்டதுக்கு அப்பறந்தான் கொண்டுபோயி அவருக்குக் குடுத்தேன். கொல்லறதுக்கு இல்லீங்க. சத்தியமா இல்லீங்க. எதுலயாச்சும் சந்தேகம்னா மொதல்ல அவருக்குக் குடுத்துத்தான எனக்குப் பழக்கம். இருவத்தொம்பது வருசத்துல அவருக்கு ஒண்ணுமே ஆனதில்லைங்க.

அவரு உழுந்ததும் நான் அக்கம்பக்கத்துல கூப்படல. அக்காவுக்குத்தான் போன் போட்டேன். "நீ குடிச்சியா?"ன்னு கேட்டுச்சு. இல்லைன்னேன். "குடி, நீ குடிச்சாத்தான் அவரு எந்திரிப்பாரு"ன்னுச்சு. பாட்டல் கையில இருக்குது. அவரு கீழ கெடந்து என்னையே பாக்கறாரு. நான் அத நம்பியிருந்தா குடிச்சிருக்கோணுமில்ல? நம்பலைன்னா அத முன்னாலயே அவருக்குக் குடுத்திருக்கக் கூடாதில்ல? நான் குடிக்கலீங்க. மூடியத் திருகி அலமாரில வெச்சுட்டேன்.

இத நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க ஆருன்னே தெரியாதப்பச் சொல்லியிருந்தா லேசா இருந்திருக்கும்.

வந்துருச்சுங்க, பஸ் ஸ்டாண்டு. அதா நிக்கறா பாருங்க, பச்சைச் சுடிதாரு, கையில குழந்தை. அதான் எம்பட கோகிலா. கோர்ட்டுக்கு என்னக் கூட்டிட்டுப் போக ஓசூர்லருந்து ராத்திரியே பொறப்பட்டு வந்திருக்கறா.

நான் சொல்லிப்போடறேனுங்க. உங்கம்மாவுக்காகவாவது சொல்லோணும். ஆனா அந்த வக்கீலு கேட்டு, நாலு பேரு மத்தியில எம்புள்ள தெரிஞ்சுக்கக் கூடாது. இங்கயே, இந்த பஸ் ஸ்டாண்டுலயே அவகிட்டச் சொல்லிப்போடறேன். நீங்க சித்தத் தள்ளி நில்லுங்க, போயிராதீங்க.

மொதல்ல அவ கையப் புடிச்சுக்கறேன். சொன்னதுக்கு அப்பறம் புடிக்க உடுவாளோ என்னமோ.